கோட்டை எனும் மயக்கம்

எந்தத் தெரு எந்தக் கொடிக்கு உரியது என்று விரல்விட்டுக் கணக்குச் சொல்லும் வித்தகர்கள் ஒவ்வொரு நகரிலும் உண்டு. "அந்தப் பேட்டை அவர்களுடையது, இந்தப் புறநகர் நம்முடையது, கடற்கரை முழுவதும் ஒரே கட்டு" என்பர். சாதியையும் சமயத்தையும் கூட்டிக் கழித்து, கோட்டை என்று பெயரும் சூட்டிவிடுவர். அந்தக் கோட்டைகள் கல்லால் ஆனவையா? மணலால் ஆனவையா?

தலைநகராம் சென்னையைக் காணுங்கள். மாநிலமெங்கும் ஒரே அலை அடித்த 1991-இல், அங்கே துறைமுகம் தொகுதி எதிர்நின்று கருணாநிதியை வெற்றிபெறச் செய்தது. கோட்டை என்றனர். இருபதே ஆண்டுகள்! 2011-இல் அதே சென்னையின் 16 தொகுதிகளில் தி.மு.க. வென்றவை இரண்டே. 2021-இல் பதினாறும் அந்த அணியின் பக்கம் திரும்பின. தெருக்கள் இடம் மாறவில்லை. மக்கள் மனம் மாறிற்று. மாறும் உரிமை மக்களுடையது அன்றோ?

சென்னையின் பாடத்தை முத்துநகராம் தூத்துக்குடி முன்னரே கற்பித்திருக்கிறது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சிதம்பரனாரின் பின்னே அவர்களை அணிதிரட்டியது எது? குடியிருந்த தெருவா? பிறந்த குலமா? இல்லை. குறைந்த கூலியும் ஓயாத உழைப்புமே அவர்களை ஒன்றாக்கின. வயிற்றின் வேதனை அறிந்து வந்தவரை அந்நகரம் தன்னவராக ஏற்றது.

நகருக்கு வடக்கே, உப்பளங்களுக்கு அப்பால் இருக்கிறது தருவைகுளம். கடலை நம்பி வாழும் ஊர். அதன் பிழைப்பு தூத்துக்குடியோடு பிணைந்தது. அதன் வாக்கோ ஓட்டப்பிடாரம் தொகுதியில், கரிசல் காட்டு உழவரின் வாக்கோடு சேர்த்து எண்ணப்படுவது. 2016-இல் தூத்துக்குடி தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது, அண்டையிலுள்ள ஓட்டப்பிடாரமோ அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. வேறுபாடு எவ்வளவு? 493 வாக்குகள்! ஓர் ஊரின் சில தெருக்கள் மனம் வைத்திருந்தால் முடிவே மாறியிருக்கும். 2019 இடைத்தேர்தலில் அது மாறவும் செய்தது.

ஆயினும், "அது கரையோர ஊர், அவர்கள் வாக்கு இன்னாருக்கே" என்று சொல்லிக் கடந்து போகிறோம். 2023 அக்டோபரில் அவ்வூர் மீனவர் பன்னிருவர் மாலத்தீவுக் கடலோரக் காவல்படையினரிடம் பிடிபட்டனர். 2024 ஆகஸ்டில் இருபத்திருவர் இலங்கைக் கடற்படையிடம் சிக்கினர். வாசலில் விழி வைத்துக் காத்திருந்த தாயும் தாரமும் கேட்டது, "எந்தக் கட்சி?" என்றா? "எப்போது வருவார்?" என்றன்றோ!

நமக்கென்று உறுதியான ஊர் என்றால் அங்கே போக வேண்டியதில்லை என்கிறோம்; எதிரிக்கென்று உறுதியான ஊர் என்றால் போய்ப் பயனில்லை என்கிறோம். இரண்டு வகையிலும் கைவிடப்படுவது அந்த ஊரே. கோட்டை என்ற சொல் வென்றவரைச் சோம்பேறியாக்குகிறது, தோற்றவரைக் கோழையாக்குகிறது, மக்களை அனாதையாக்குகிறது.

ஆதலின் தோழர்களே! வாக்காளர் பட்டியலைப் புரட்டுமுன் வலை காயும் கரையில் நடந்து பாருங்கள். உப்பு வாருவோரின் வெடித்த பாதங்களைப் பாருங்கள். ஊரின் சாய்வை அறிய வேண்டுமாயின் ஊரின் துயரை அறியுங்கள். தேர்தலுக்கு முன் மட்டும் வருபவனை விருந்தாளியாக நடத்தி அனுப்புவர். துயரில் வருபவனையே உறவினனாகக் கொள்வர்.