பள்ளிக்கூடத்துக்கு ஒரு செய்தி இதழ் வேண்டும்

கோலார் மாவட்டப் பள்ளிக் கல்வித் துறைத் துணை இயக்குநர் அவர்களுக்கு,

கோலார் தங்கவயலின் பாலகாட்டிலிருந்து எழுதுகிறேன். தங்கவயலின் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களே செய்தி சேகரித்து, எழுதி, திருத்தி, இணையத்தில் வெளியிடும் பள்ளி இதழ்களைத் தொடங்க நீங்கள் அனுமதி தரவேண்டும். அதற்காகவே இந்த மடல்.

பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து எப்படி மீட்பது என்று பெற்றோர் கலங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது ஏறுமாறான கோரிக்கையாகத் தோன்றலாம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கே தடை விதித்துவிட்டது. பெற்றோரின் அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடை நீங்கும் வயதில் ஒரு பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும்? வந்த செய்தி உண்மையா என்று பார்க்கத் தெரிந்திருக்குமா? 2018 ஜூலையில் நம் மாநிலத்தின் பீதர் மாவட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த வெளியூர்க்காரர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்பி, அவர்களில் ஒருவரான ஹைதராபாத் இளைஞரை அடித்தே கொன்றார்கள். அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பியவர்களில் ஒருவராவது “இதை யார் பார்த்தது?” என்று கேட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். அந்தக் கேள்வியைப் பதினான்கு வயதிலேயே பழக்கமாக்குவதற்குச் செய்தி இதழைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடி காலத்தில் சுரங்கக் கழிவு மேடான சயனைடு மலையிலிருந்து மண் கிளம்பி சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வந்து விழுகிறது. இதை ஒரு மாணவி முப்பது விநாடி வீடியோவாக எடுத்துப் பின்னணியில் பாட்டுப் போட்டு ஏற்றலாம். நாலு பேர் பார்ப்பார்கள், மறந்துபோவார்கள். அதே மாணவி பள்ளி இதழுக்காக எழுதினால் ஆசிரியர் குழு அவளை உட்காரவைத்துக் கேட்கும்: எந்தத் தேதி, எந்த லைன், எந்தப் பக்கத்துக் காற்று? மண் விழுந்த வீட்டுக்காரர்கள் எத்தனை பேரிடம் பேசினாய்? நகராட்சியிடம் கேட்டாயா, அவர்கள் பதில் என்ன? படம் எடுத்த நேரமும், இடமறியும் வசதி இயக்கத்தில் இருந்தால் இடமும், கைபேசியிலேயே பதிவாகியிருக்கும். வேறு யாரோ அனுப்பிய படமானால் கூகுள் லென்ஸில் போட்டு அது பழைய படமா, வேறு ஊர்ப் படமா என்று தேடலாம். கூகுள் எர்த்தில் முந்தைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை வரிசையாக எடுத்து, அந்த மேடு எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்று பார்க்கலாம். பலர் தனித்தனிக் கணக்கில் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸ் கோப்பில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பது பதிவாகியிருக்கும். பொறுப்பாசிரியர் அதைத் திறந்து பார்த்தாலே போதும். தட்டச்சு தெரியாத பிள்ளை வாயால் சொல்லித் தமிழிலோ கன்னடத்திலோ எழுத்தாக்கிவிடலாம். இத்தனைக்கும் பள்ளியின் பொதுச் சாதனம் ஒன்று இருந்தால் போதும். மாணவர்கள் சொந்தக் கைபேசி கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எழுத விஷயமா இல்லை? 2001 பிப்ரவரி 28-இல் நம் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்த தாத்தாக்கள் இன்னும் சிலர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பதிவுசெய்ய நமக்கு அதிக காலம் இல்லை. விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் அப்பா அம்மாக்களின் நாள் ஒன்றை யாரும் முழுதாக எழுதியதாக நான் பார்த்ததில்லை. 2018-லும் 2022-லும் வந்த இரண்டு திரைப்படங்களுக்குப் பிறகு நாடு முழுவதும் கே.ஜி.எஃப் என்ற நம் ஊரின் பெயரை அறியும். ஆனால் உள்ளே வாழ்கிறவர்களின் சொல் வெளியே போகவில்லை.

ஒரு காலத்தில் போனது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்களின் ஆதரவு பெரிய பலமாக இருந்தது. அவர் 1914-இல் மறைந்த பின், 1920-களில் அந்த இதழ் நம் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது. நம் ஊர் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்துப் பத்திரிகை வாங்கிப் படித்தவர்களின் கொள்ளுப்பேரர்கள்தான் உங்கள் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

இதெல்லாம் நடைமுறைக்கு வருமா என்பதற்குப் பக்கத்து மாநிலமே சான்று. கேரளத்தில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற தகவல் தொழில்நுட்ப மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. கேமரா, படத்தொகுப்பு, மலையாளத் தட்டச்சு எல்லாம் கற்று, மாணவர்கள் டிஜிட்டல் இதழ் வெளியிடுகிறார்கள். பள்ளி நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து அம்மாநிலக் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸுக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்காக ‘தேன்சிட்டு’ இதழை நடத்துகிறது. நல்ல முயற்சிகள் இவை. நான் கேட்பது ஒரு படி கூட: ஊர்ச் செய்தி. தில்லியில் தெருவோரப் பிள்ளைகள் 2003-இல் தொடங்கிய ‘பாலக்நாமா’ இதழ் அதைத்தான் செய்கிறது.

ஊர்ச் செய்தி என்றதும் தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். பள்ளியின் குறையையே பிள்ளைகள் எழுதிவிட்டால்? எழுதட்டும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2017-இல் தங்கள் இதழுக்காகப் புதிய தலைமையாசிரியரைப் பற்றி அறிமுகக் கட்டுரை எழுதப் புறப்பட்டார்கள். அவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தை இணையத்தில் தேடினார்கள். அதற்கு அங்கீகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. அவரிடமே கேட்டு, விடையையும் சேர்த்து வெளியிட்டார்கள். பதவியேற்கும் முன்னரே அவர் விலகினார். நியமனம் செய்த பெரியவர்கள் கவனிக்கத் தவறியதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். அவர்களை யாரும் தண்டிக்கவில்லை. உங்கள் உத்தரவில் இந்த ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும்: தகவல் பிழை, அவதூறு, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்காகச் செய்தியைத் திருத்தலாம், நிறுத்தலாம், சங்கடமாக இருக்கிறது என்பதற்காக நிறுத்தக்கூடாது.

பாதுகாப்பில் மட்டும் சற்றும் தளர்வு கூடாது. இதழை வெளியிடும் கணக்கு பள்ளியின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் இரண்டு ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கட்டும். பின்னூட்டப் பகுதியை மூடிவிடலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. எழுத்தில் வாங்கி வைக்கவேண்டும். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. பொறுப்பாசிரியருக்கு முதல் பயிற்சியே இதில்தான் தரவேண்டும். வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகளுக்காக ஒவ்வோர் இதழின் அச்சுப்படியும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவேண்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் என்று எந்த மொழியில் பிள்ளை எழுதினாலும் இடம் வேண்டும். தங்கவயல் வீதியில் கேட்கும் மொழிகள் அவை.

பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் கேட்கவில்லை. தங்கவயல் தாலுகாவில் மூன்று உயர்நிலைப் பள்ளிகள், பள்ளிக்கு ஒரு பொறுப்பாசிரியர், வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு சாதனம். வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே சுற்றறிக்கை அனுப்புங்கள். முதல் இதழுக்குச் செய்தி எடுக்க வரும் பிள்ளைகளை உங்கள் அலுவலகத்துக்கும் வரவிடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாலகாட் வாசி ஒருவர்
கோலார் தங்கவயல்