கை இரண்டு, ஒட்ட வேண்டிய இடம் மூன்று

இரண்டு கையாலும் துப்பாக்கி பிடித்திருக்கும் சிப்பாய் பொம்மையை வடிவமைத்தவர், அதை ஒரு தடவையாவது தன் கையால் ஒட்டிப் பார்த்திருப்பாரா? மேசை மேல் படையை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்கான கிட் அது. பொம்மையின் உயரமே சுமார் 28 மில்லிமீட்டர்தான். வலது கை துப்பாக்கியோடு சேர்ந்து ஒரே துண்டாக வரும். இடது கை தனி. அதன் தோள் உடம்பில் பொருந்த வேண்டும். அதே நேரத்தில் உள்ளங்கை துப்பாக்கிக் குழலுக்கு அடியில் போய் உட்கார வேண்டும். தோளைச் சரியாக வைத்தால் உள்ளங்கை குழலை எட்டாது. உள்ளங்கையைச் சேர்த்தால் தோளில் இடைவெளி விழும். வலது கையைக் கொஞ்சம் திருப்பி ஒட்டினால்தான் இரண்டும் சேரும் என்பது, அது இறுகிய பிறகுதான் தெரியவரும். பசை காய்வதற்குள் மூன்று இடத்தையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று குறிப்புத்தாளில் ஒரு வார்த்தை கிடையாது. அதில் எழுத்தே இல்லை. படமும் அம்புக்குறியும்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன், எங்கள் ஊர் குச்சனூருக்கு லீவில் வரும்போதெல்லாம் இப்படி ஒரு பெட்டியோடுதான் வருவான். தெருப் பையன்கள் திண்ணையில் கூடிவிடுவார்கள். "மாமா, ஆட ஆள் இருக்கு. படைதான் இல்ல. சீக்கிரம் ஒட்டிக் குடுங்க" என்பான். "இருடா மாப்ள, இந்தக் கை நிக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். ஆடுவதற்கு வாங்கிய பொருள். ஆட்டம் மட்டும் நடந்தபாடில்லை.

எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த வகை விளையாட்டுக்கு ஒரு விதிப் புத்தகமே எழுதினார். அவர் காலத்தில் ஈயச் சிப்பாய்கள் முழுசாகவே கடையில் கிடைத்தன. உள்ளே வெற்றிடமாக வார்க்கும் முறையை பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் கொண்டுவந்த பிறகு விலையும் இறங்கியிருந்தது. வாங்கினார்கள், நிறுத்தினார்கள், ஆடினார்கள். ஒட்டுகிற வேலை வாங்குகிறவன் தலையில் விழுந்தது பிற்பாடுதான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் சிறு மாதிரியை, டிராக்டர் விற்பனையாளர்களுக்காகச் செய்துகொடுத்தது. முதலில் ஆள் வைத்துப் பூட்டித்தான் கொடுத்தார்கள். அந்தச் செலவைக் குறைக்க, பிறகு துண்டு துண்டாகவே கடைக்கு அனுப்பினார்கள். கூலி மிச்சமானது அவர்களுக்கு.

பாகத்தை ஏன் இத்தனை துண்டாக்குகிறார்கள் என்பதற்கு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. உருக்கிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். அச்சு இரண்டு பாதியாக நேராகத் திறக்கும். உள்வளைவு இருக்கும் வடிவம் அதில் மாட்டிக்கொள்ளும், வெளியே வராது. அதனால் நெஞ்சுக்குக் குறுக்கே மடங்கிய கையைத் தனியாகத்தான் வார்க்க முடியும். சரி. ஆனால் தோளில் ஒரு சின்ன முளையும் உடம்பில் அதற்கேற்ற குழியும் வைத்தால், கை போய் நிற்க வேண்டிய கோணத்தில் தானே நின்றுவிடுமே! வழவழப்பான தோளை வழவழப்பான உடம்பில் ஒட்டச் சொன்னால் அது எங்கே நிற்கும்? பாகத்தின் எண்ணையாவது பாகத்தின் மேல், ஒட்டி மறையும் பக்கத்தில் பொறிக்கலாம். பொறிப்பதோ பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிரேமில். வெட்டி எடுத்த மறுநிமிடம் இடத்தோள் எது, வலத்தோள் எது என்று தெரியாது. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1980-இல் தொடங்கிய கன்டாம் ரோபோ கிட்டுகளுக்கும் ஆரம்பத்தில் பசை தேவைப்பட்டது. பின்னாளில் அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். அவர்களும் இரும்பு அச்சில்தான் வார்க்கிறார்கள். மனசிருந்தால் முடிகிற காரியம்தான் இது.

எங்கள் ஊருக்கென்று இருக்கும் பாடு வேறு. ஆனி பிறந்தால் மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். பொம்மையின் இடுப்பில் ஒட்ட வேண்டிய, கொள்ளு அளவுகூட இல்லாத கைக்குண்டு என்ன செய்யும்? கதவைச் சாத்தினால் புழுக்கத்தில் கை வியர்த்து, பாகம் இடுக்கியில் வழுக்கும். திறந்தால் பறக்கும். ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில், தெருவில் கீழே விழுந்ததைத் தேடவும் முடியாது. பெட்டியில் கூடுதலாக ஒரு கைக்குண்டு போட்டிருந்தால் அவர்களுக்கு என்ன நட்டம்?

அடுத்தது பசை. பாலிஸ்டைரீனுக்கு என்றே ஒரு பிளாஸ்டிக் சிமென்ட் உண்டு. அது இரண்டு முகத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். நகர்த்திச் சரிபார்க்கக் கொஞ்ச நேரமும் கொடுக்கும். சின்னமனூரில் கேட்டாலும் உத்தமபாளையத்தில் கேட்டாலும் அந்தப் பெயரையே கேட்டதில்லை என்கிறார்கள். தீப்பற்றும் பொருள் என்று கூரியரிலும் எடுக்கத் தயங்குகிறார்கள். இங்கே கிடைப்பது இரண்டு. ஒன்று, தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்கு ஒட்டும் சொல்யூஷன். அதை இந்தச் சின்ன முகத்தில் வைத்தால் மூக்கும் கண்ணும் கரைந்து மழுங்கிவிடும். மற்றது உடனடிப் பசை. காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து இறுகுவது அதன் குணம். வைத்த கையோடு பிடித்துக்கொள்ளும். மூன்று இடத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டிய கைக்கு அந்த அவகாசம் போதாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடிப் பாகத்தில் வெள்ளைப் படலம் படியும். துடைத்தாலும் லேசில் போகாது. 'பசை தனியாக வாங்கிக்கொள்ளவும்' என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? எங்கே போய் வாங்குவது?

பையன்கள் ஆர்வமாகத்தான் வருகிறார்கள். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அளவெடுத்து, யோசித்து, பேசி ஆடுகிற விளையாட்டு இது. அந்த ஆர்வம் ஒரு இடது கையில் வந்து முட்டி நின்றுபோவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

சென்னை, பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டியை வாங்கி வருவதென்றால், பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு புட்டியும், பாகத்தை வெட்டி எடுக்கும் சின்ன கட்டரும், கூர்முனை இடுக்கி ஒன்றும் சேர்த்து வாங்கி வாருங்கள். இவை இல்லாமல் பெட்டியை மட்டும் கொடுக்காதீர்கள்.