தீக்குள்ள போறவனுக்குப் பாடம் "விருப்பப் பாடமாம்"!

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் தலைமுடியை வெட்ட வேண்டும் என்றால் அரசு உரிமம் வேண்டும். உரிமம் வேண்டும் என்றால் படித்துத் தேர்வு எழுத வேண்டும். அதே டெக்சஸில் எரிகிற உரக்கிடங்கை நோக்கித் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட, நீங்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலராக இருந்தால், மாநிலத்தின் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. கத்தரிக்கோலுக்கு இருக்கிற மரியாதை நெருப்புக்கு இல்லை!

பி.காம் படிக்கிறவனுக்கு அமெரிக்கத் தீயணைப்புத் துறையில் என்னடா வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. வேலை இருக்கு மக்களே. ஆடிட்டிங்கில் நமக்குச் சொல்லித் தருவது ஒன்றுதான்: கட்டுப்பாடு காகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தியாகி வந்துவிடாதே, அது யார் மேல் செல்லும், எப்போது வேலை செய்யும் என்று பார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீயணைப்பு வீரர்களின் பாடத்திட்டத்தை அரசு எப்படி மாற்றுகிறது என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் நடைமுறை. அமெரிக்காவில் இதற்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறது. டெக்சஸில் இந்த வேலைக்கு 1991-ல் உருவான தீப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அதற்கு முன் இருந்த அமைப்பு 1969-ஐச் சேர்ந்தது. சம்பளம் வாங்கும் தீயணைப்பு வீரர்கள் என்ன படிக்க வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்று முடிவு செய்வது இந்த ஆணையம்தான்.

பாடத்திட்டத்தின் எலும்புக்கூடு வேறொரு இடத்திலிருந்து வருகிறது. 1896-ல் தொடங்கிய தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், சுருக்கமாக என்.எஃப்.பி.ஏ. இது அரசு அமைப்பு அல்ல, தனியார் சங்கம். "ஒரு தீயணைப்பு வீரருக்கு இன்னின்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்" என்று தரநிலைகள் எழுதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு போடும். 1001 என்ற எண்ணில் பல காலம் இருந்த அடிப்படைத் தரநிலை 2024 பதிப்பில் 1010 என்ற எண்ணுக்குள் போய்விட்டது. பதிப்பு மாறினால் மாநிலப் பாடத்திட்டமும் மாற வேண்டும். அந்த மாற்றத்தை ஆலோசனைக் குழு அலசும், பிறகு ஆணையம் வாக்களிக்கும். விதியையே மாற்ற வேண்டும் என்றால் அதை டெக்சஸ் அரசிதழில் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் விட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் நிறைவேற்ற முடியும்.

நம்ம சிலபஸ் மாறுகிற மாதிரியேதான்! பாடத்திட்டக் குழு, அப்புறம் கல்விக் குழு, அப்புறம் அடுத்த ஆண்டு சேரும் மாணவர்களுக்கு அமல். ஒரு வித்தியாசம், நமக்குச் சிலபஸ் பழசாக இருந்தால் அரியர் விழும். அவர்களுக்கு ஆள் விழும்.

நடைமுறையைக் குறை சொல்ல வரவில்லை. குழு இருக்கிறது, அறிவிப்பு இருக்கிறது, வாக்கெடுப்பு இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: இத்தனை படிகள் ஏறி வந்து அங்கீகாரம் வாங்கும் பாடம், சாகப் போகிற ஆளின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்க அந்த நடைமுறையில் ஒரு படிகூட இல்லை.

இப்போது வெஸ்ட் என்ற ஊருக்குப் போவோம். பேர்தான் வெஸ்ட், இருப்பது டெக்சஸின் நடுப்பகுதியில், வேகோ நகரத்துக்குப் பக்கத்தில். மூவாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். 2013 ஏப்ரல் 17 மாலை அங்கிருந்த உரக்கிடங்கில் தீப்பிடித்தது. உள்ளே அம்மோனியம் நைட்ரேட். ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை ஓடியது. அன்று மாலை ஊரில் நடந்துகொண்டிருந்த அவசர மருத்துவ உதவி வகுப்பிலிருந்து எழுந்து ஓடியவர்களும் உண்டு. தகவல் கிடைத்துச் சுமார் 20 நிமிடத்தில் கிடங்கு வெடித்தது. செத்தவர்கள் 15 பேர். அதில் 12 பேர் உதவப் போனவர்கள். காயம் 260 பேருக்கு மேல். முதியோர் இல்லம், அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் நொறுங்கின.

அம்மோனியம் நைட்ரேட் தானாக எரிகிற பொருள் அல்ல. ஆனால் தீக்கு ஆக்சிஜன் ஊட்டும். சூடேறி, வேறு பொருள் கலந்து, அடைபட்டுக் கிடந்தால் வெடிக்கும். அது குவிந்து கிடக்கிற இடம் முழுசாகப் பற்றிக்கொண்டால் தீயணைப்பு வீரர் கற்க வேண்டிய பாடம் ஒரே வரி: கிட்டப் போகாதே, ஊரைக் காலி செய். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும்.

விபத்தை ஆராய்ந்த மத்திய ரசாயனப் பாதுகாப்பு வாரியம் தன் இறுதி அறிக்கையை 2016 ஜனவரியில் வெளியிட்டது. அது சொன்னதில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, அபாயகரமான பொருட்கள் பற்றிய பயிற்சிகளில் உரத் தர அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் போதுமான அழுத்தம் தரப்படவில்லை. இரண்டு, டெக்சஸில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியை மாநிலம் கட்டாயம் ஆக்கவில்லை. அதனால் பாடத்திட்டத்தில் இதைச் சேருங்கள் என்று ஆணையத்துக்கும் பரிந்துரைத்தது, தன்னார்வலர்களுக்குச் சான்றிதழ் தரும் மாநிலச் சங்கத்துக்கும் பரிந்துரைத்தது.

கவனிங்க, பரிந்துரைத்தது. அந்த வாரியத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. சாவை ஆராய்கிறவருக்குப் பாடத்தை மாற்ற அதிகாரம் இல்லை. பாடத்தை மாற்ற அதிகாரம் உள்ளவருக்கோ சம்பளம் வாங்காத ஆள் மேல் அதிகாரம் இல்லை. நடுவில் தண்ணீர்க் குழாயோடு நிற்கிறவன் யாருடைய பொறுப்பு?

"யாருக்கும் தெரியாத புது ஆபத்துங்க, எதிர்பார்க்க முடியாது" என்று தப்பிக்கவும் வழியில்லை. 1947 ஏப்ரல் 16, அதே டெக்சஸ், டெக்சஸ் சிட்டி துறைமுகம். கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் ஏற்றியிருந்த அதே அம்மோனியம் நைட்ரேட் தீப்பிடித்து வெடித்தது. 500 பேருக்கு மேல் செத்தார்கள். அணைக்கப் போன ஊர்த் தன்னார்வப் படை ஏறக்குறைய மொத்தமாக அழிந்தது. 1988-ல் மிசௌரி மாநிலம் கான்சஸ் சிட்டியில் சாலைப் பணியிடம் ஒன்றில் தீயை அணைக்கப் போன 6 வீரர்களைக் கொன்றதும் அம்மோனியம் நைட்ரேட் கலந்த வெடிபொருள்தான். அதே மாநிலம், அதே ரசாயனம், அதே ஏப்ரல், 66 வருஷ இடைவெளி. இதற்கு மேல் ஒரு பாடத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

இங்கே சத்யம் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2009-ல் வெடித்தது. ஒரே ஆடிட்டர் காலாகாலத்துக்கும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று 2013 கம்பெனிச் சட்டத்தில் சுழற்சி முறை வந்தது. தாமதம்தான், ஓட்டைகளும் உண்டுதான். ஆனால் பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். "விருப்பம் இருந்தால் ஆடிட்டரை மாற்றுங்கள்" என்று எழுதியிருந்தால் எத்தனை நிறுவனம் மாற்றியிருக்கும்? பங்குதாரர் பணத்துக்குக் கட்டாய விதி, தீயணைப்பவர் உயிருக்கு விருப்ப விதி. என்ன கணக்கு இது?

இன்னொரு கொடுமை. வெஸ்ட் வெடிப்புக்குப் பிறகு டெக்சஸ் சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. 2015-ல் சட்டம் போட்டது. உரக்கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட்டுக்கும் எரியக்கூடிய பொருட்களுக்கும் நடுவே 30 அடி இடைவெளி வேண்டும் என்றது. நல்ல சட்டம். மூட்டைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மூட்டை எரிந்தால் ஓடி வருகிறவனுக்குக் கட்டாயப் பாடம் கிடைக்கவில்லை.

எதிர்வாதங்களுக்கு வருவோம். பின்னூட்டத்தில் வருமுன் நானே சொல்லிவிடுகிறேன் :-)

முதல் வாதம் கனமானது. தன்னார்வலர் என்பவர் பகலில் விவசாயி, மெக்கானிக், கடைக்காரர். அவருக்கு நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் பெயரைக் கொடுக்கவே ஆள் வராது, கிராமத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் பூட்டுதான் விழும். அமெரிக்காவில் 2020-ல் இருந்த சுமார் 10.4 லட்சம் தீயணைப்பு வீரர்களில் 65 சதவீதம் பேர் தன்னார்வலர்கள் என்கிறது என்.எஃப்.பி.ஏ. கணக்கு. இவர்களை விரட்டிவிட்டால் ஊர் எரியும். உண்மை. ஆனால் முழுப் பாடத்திட்டத்தையும் அவர்கள் தலையில் கட்டு என்று யார் சொன்னது? உன் ஊர் எல்லைக்குள் எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது, அது எரிந்தால் எப்போது பின்வாங்க வேண்டும் என்ற சின்னப் பகுதியை மட்டும் கட்டாயமாக்கு. நூறு மணி நேரம் தர முடியாதவர் ஒரு நாள் தருவார். முழுசாகக் கட்டாயம், முழுசாக விருப்பம் என்ற இரண்டுக்கும் நடுவே இடமே இல்லாத மாதிரி பேசுவதுதான் ஏமாற்று.

இரண்டாவது வாதம், செலவு. ஊர்ப் படைக்கு வண்டிக்கு டீசல் போடவே நன்கொடை வசூல், பயிற்சிக்கு யார் கொடுப்பது? இது காமர்ஸ் கேள்வி, பதிலும் காமர்ஸில்தான் இருக்கிறது. ஆபத்தை உருவாக்குகிறவன் அதன் விலையைக் கொடுக்கட்டும். டன் கணக்கில் அம்மோனியம் நைட்ரேட் வைத்து வியாபாரம் செய்கிறவரிடம் அந்த ஊர்ப் படையின் பயிற்சிக் கட்டணத்தை வாங்கு. அவர் அதை உர விலையில் சேர்த்தால் சேர்க்கட்டும். இன்றைக்கு அந்தச் செலவு கணக்குப் புத்தகத்தில் இல்லாததால் மறைந்துவிடவில்லை. 12 குடும்பங்களின் கணக்கில் ஏறியிருக்கிறது.

மூன்றாவது வாதம், "அது யாரோ வேண்டுமென்றே வைத்த தீ, பயிற்சி என்ன செய்யும்?" மத்திய அரசின் ஏ.டி.எஃப். அமைப்பு 2016 மே மாதம் அப்படித்தான் அறிவித்தது. அதை ஏற்காதவர்களும் உண்டு. சரி, வைத்த தீ என்றே வைத்துக்கொள்வோம். வைத்த தீயானால் அம்மோனியம் நைட்ரேட் வெடிக்காதா? தீயை யார் வைத்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டியது போலீஸ். எப்போது விலகி ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டியது தீயணைப்பவர்.

ஆக நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, பாடத்திட்ட மாற்றத்தை அங்கீகரிக்கும் ஒவ்வொரு தீர்மானத்திலும் "இது யாரைக் கட்டுப்படுத்தும், யாரைக் கட்டுப்படுத்தாது" என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். ஆடிட் அறிக்கையில் குறை இருந்தால் எழுதியே ஆக வேண்டும் இல்லையா, அது மாதிரி.

இரண்டு, மரணத்தை ஆராய்ந்த வாரியம் பாடத்தை மாற்று என்று சொன்னால், ஆணையம் குறித்த நாளுக்குள் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று காரணத்தோடு பொதுவில் பதில் சொல்ல வேண்டும். புதிய பதிப்பு வரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பதிப்பு காலண்டர் பார்த்து வரும், தீ காலண்டர் பார்ப்பதில்லை.

மூன்று, உயிர் போகிற விஷயம் மட்டும் சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் எல்லோருக்கும் பொது. வெடிப்பு சம்பளச் சீட்டைப் பார்த்து வருவதில்லை.

இது ஏதோ அமெரிக்காக்காரன் பிரச்சினை என்று பக்கத்தை மூடப் போகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, தீயை அணைக்க அனுப்பப்பட்ட குழுவில் 10 பேர் செத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில்தான் நம் சென்னை மணலியில் 2015-ல் பறிமுதல் செய்யப்பட்டுச் சுமார் 700 டன் அதே சரக்கு கிடக்கிறது என்று ஊருக்கே தெரிந்தது. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். ஐந்து வருஷம் அது அங்கே கிடந்தபோது ஒரு தீ பிடித்திருந்தால், முதலில் போய் நின்றிருக்கும் வண்டியில் இருந்தவர்களுக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்திருக்குமா?

நம்ம ஊர்த் தீயணைப்புப் பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள், அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். டெக்சஸ் தன்னார்வலர்களுக்காக வாதாட வருபவர்களும் வரலாம், சண்டைக்கு ரெடி. ஆனால் "அவர்கள் விரும்பித்தானே போனார்கள்" என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். போவதற்குத்தான் விரும்பினார்கள். சாவதற்கு இல்லை.