வாயில் நமது, சாவி யாரிடம்?



சேத்தியாத்தோப்புப் பக்கம் சென்றிருக்கிறீர்களா? வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு. சற்றுத் தொலைவில் வீராணம் ஏரி. பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், வெட்டப்பட்ட பேரேரி அது. அந்த ஏரியின் நீர் 2004 முதல் சேத்தியாத்தோப்பில் குழாய் ஏறி, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சென்னை மாநகரின் தாகம் தீர்க்கிறது.

நீரோடு வாழ்ந்து பழகிய அந்த வட்டாரத்து உழவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏரிக்கு உரியவர் யார்? கரையைக் கட்டியவரா? வாய்க்காலை வெட்டியவரா? அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "மதகின் திருகு யார் கையில் இருக்கிறதோ, அவரிடம்தான் ஐயா தண்ணீர் இருக்கிறது!"

இந்த ஒரு வரி உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, உங்கள் சட்டைப் பையிலுள்ள செல்போனை எடுங்கள். ஏதேனும் ஒரு செயலியைத் திறங்கள். வாயிலில் என்ன எழுதியிருக்கிறது? "கூகுள் கணக்கு வழியே நுழைக!" "பேஸ்புக் வழியே நுழைக!" "ஆப்பிள் வழியே நுழைக!" செயலி செய்தவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் நீங்கள், இருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் வாயிற்காப்போனாக நிற்கிறார். அவரை அழைத்தது யார்? அவருக்குக் கூலி கொடுப்பது யார்? கூலி வாங்காமல் காவல் காக்கும் காவலாளியை நம் ஊரில் கண்டதுண்டா?

முதலில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை அறிவோம். அறியாமல் எதிர்ப்பது நமக்கு அழகன்று. நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தியதும், செயலி உங்களைக் கூகுளிடம் அனுப்புகிறது. கூகுள் உங்கள் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, "இவர் இன்னார்தாம்" என்று ஒரு சீட்டு எழுதித் தருகிறது. அந்தச் சீட்டில் உங்கள் பெயர், மின்னஞ்சல், படம், கூகுள் உங்களுக்கு இட்ட ஓர் எண் ஆகியவை இருக்கும். சீட்டைக் கண்டதும் செயலி கதவைத் திறக்கிறது. கடவுச்சொல் செயலியின் கைக்கு வருவதேயில்லை. இதற்கான பொது முறை ஓ-ஆத் 2.0 என்ற பெயரில் 2012-லும், அதன்மேல் கட்டப்பட்ட ஓப்பன்-ஐடி கனெக்ட் 2014-லும் வெளியாயின.

நல்ல பொறியியல்தான், ஒப்புகிறோம். பத்துச் செயலிக்குப் பத்துக் கடவுச்சொல் வைத்து, பத்தையும் மறந்து தவிப்பவருக்கு இது பெரிய வசதி. சிறிய சங்கமொன்று ஆயிரம் பேரின் கடவுச்சொற்களை அரைகுறையாகப் பூட்டி வைத்துக் களவு கொடுப்பதைவிட, பெரிய நிறுவனத்தின் காவல் உறுதியானது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. நம் கேள்வி வேறு. வசதிக்காகத் திறந்த பக்கவாசல், இருக்கிற ஒரே வாசலாக மாறிப்போனால் என்ன ஆகும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதை அறிவீர்கள். அந்த வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் நாளை ஒரு சங்கமாகக் கூடித் தங்களுக்கென ஒரு செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு உத்தரவு எப்போது, எடை எவ்வளவு, பணம் எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் தெரியும். செலவு குறைவு என்று எண்ணிக் கூகுள் வாயில் ஒன்றை மட்டும் வைத்துவிடுகிறார்கள்.

உறுப்பினர் ஒருவர். வயது அறுபத்தைந்து. செல்போன் மகன் வாங்கித் தந்தது. மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் கடைப் பையன். கடவுச்சொல் அந்தப் பையனுக்கே மறந்துவிட்டது. ஒரு நாள் செல்போன் வரப்பில் விழுந்து நீரில் மூழ்குகிறது. புதிய போன் வருகிறது. பழைய கணக்கு வரவில்லை. சங்கத்துக்குப் போகிறார். "ஐயா, கணக்கு கூகுளுடையது, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார் எழுத்தர். பங்குத்தொகை கட்டியவர் அவர், கரும்பு அவருடையது, நிலம் அவருடையது. ஆனால் தம் சொந்தச் சங்கத்தின் வாயிலில் அவர் அந்நியர்! முறையிட அவர் எங்கே போவார்? கலிபோர்னியாவுக்கா?

"மிகைப்படுத்துகிறீர்" என்பார் சிலர். மிகையா? நடந்தவற்றைக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனியார் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதைத் தொடங்கியது. கூகுள் பிளஸ் என்னும் சேவையை 2019-ல் மூடியபோது, அதன் பெயரால் வாயில் வைத்திருந்த செயலிகள் அனைத்தும் கதவை மாற்றியாக வேண்டியிருந்தது.

2020 செப்டம்பரில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஆப்பிளுக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும் ஏற்கெனவே வழக்கு மூண்டிருந்தது. ஆப்பிள் வாயில் வழியாக எபிக் கணக்குக்குள் நுழைவோர்க்குச் செப்டம்பர் 11 முதல் கதவு மூடப்படலாம் என்று எபிக் எச்சரித்தது. பின்னர் கால நீட்டிப்புக் கிடைத்தது, கதவு தப்பியது. ஆனால் பாடம் தப்பவில்லை. இரண்டு யானைகள் மோதினால் மிதிபடுவது புல்!

வழக்கே வேண்டாம், தோழரே, பழுது போதும். 2020 டிசம்பர் 14 அன்று கூகுளின் சரிபார்ப்பு அமைப்பு முக்கால் மணி நேரம் செயலிழந்தது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தது. அதன் சாவியால் பிற செயலிகளைத் திறந்து வந்தோரும் வெளியே நின்றனர். 2018 செப்டம்பரில் பேஸ்புக்கில் சுமார் 3 கோடிப் பேரின் நுழைவுச் சீட்டுகளே களவு போயின. ஒரே சாவியால் ஊரிலுள்ள எல்லா வீடும் திறக்கும் என்றால், அந்த ஒரு சாவி தொலையும் நாளில் ஊர் என்னவாகும்?

இவையாவது விபத்துகள். அறிந்தே அள்ளிய கதை ஒன்றும் உண்டு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பெயர் நினைவிருக்கிறதா? பேஸ்புக் கணக்கு வழியே நுழையும்படி அமைந்த ஒரு மனப்பாங்கு வினாடி வினாச் செயலி. இந்தியாவில் அதை நிறுவியவர் வெறும் 335 பேர். அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து போனதால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர் 5,62,455 பேர் என்று 2018-ல் அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. நண்பர் விவரத்தை அப்படி அள்ளும் வழி 2015-ல் அடைக்கப்பட்டது. அடைத்தது நன்று, அள்ளியது அள்ளியதே! 335 பேர் திறந்த வாயிலில் ஐந்தரை லட்சம் பேரின் வீடு திறந்தது.

இப்போது நம் தொழிலாளத் தோழர்களை நினையுங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேகும் தொழிலாளி, தம் சங்கத்தின் செயலிக்குள் மூன்றாமவர் சாவியால் நுழைகிறார். இன்னார் இன்ன சங்கத்தின் செயலியைத் திறக்கிறார் என்பது அந்த மூன்றாமவரின் ஏட்டில் பதிந்துவிடுகிறது. உறுப்பினர் பட்டியல் முதலாளியின் கண்ணில் படக்கூடாது என்று தகரப்பெட்டியில் பூட்டி, அந்தப் பெட்டியை இரவோடிரவாக வீடு மாற்றிக் காத்த மூத்தோர் நமக்குண்டு. அந்தப் பட்டியலை நாமே ஒரு பொத்தானில் தூக்கிக் கொடுப்பதா?

"பிறகு வேறு வழி என்ன? கதவே வேண்டாமா?" என்று கேட்கலாம். வழி உண்டு, இந்த நாடே நடந்து பார்த்த வழி. 2021-ல் தடுப்பூசிக்காக வந்த கோவின் தளத்தில் கைபேசி எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் போதுமாயிருந்தன. கூகுள் கணக்கு உண்டா என்று எவரும் கேட்கவில்லை. ஒரே எண்ணில் நால்வர் பதியலாம் என்றிருந்தது. 2022 சனவரியில் அது அறுவராயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்ற ஏழை நாட்டின் நிலையை அறிந்து அமைத்த வாயில் அது! 2022 சூலைக்குள் 200 கோடி ஊசிகள் அந்தக் கணக்கில் ஏறின. 2023-ல் அதன் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி எழுந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. சொந்தக் கதவு வைத்தவன் சொந்தக் காவலும் வைக்க வேண்டும் என்பதே அதன் பாடம். காவல் கடினம் என்பதற்காகக் கதவையே அடகு வைப்பாருண்டோ?

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது இசைவு தடையற்றதாக, நிபந்தனையற்றதாக, அறிந்து தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. எதற்காக விவரம் கேட்கிறோம் என்ற அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெற வழி வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. இருந்தும், புரியாத ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் காட்டி, "ஒப்புகிறேன்" என்று அழுத்தச் சொல்வது இசைவாகுமா? ஒரே வாயில் வைத்துவிட்டு, "விருப்பமிருந்தால் நுழையுங்கள்" என்பது விருப்பமாகுமா?

ஆகவே, தோழரே, உங்கள் ஊர்ச் சங்கமோ கூட்டுறவோ ஊராட்சியோ செயலி செய்யும்போது எழுந்து நின்று கேளுங்கள்:

முதலாவதாக, முதல் வாயில் நம்முடையதாக இருக்கட்டும். கைபேசி எண் போதும். ஆனால் எண்ணும் மாறும், சிம் அட்டையும் காலாவதியாகும். எனவே ஏட்டின் மூலம் நம் உறுப்பினர் எண்ணாகவே இருக்கட்டும். கூகுள் இட்ட எண் அதன் அருகே எழுதிய குறிப்பாக இருக்கலாம். அழித்தாலும் உறுப்பினர் அழியக்கூடாது.

இரண்டாவதாக, அயலார் வாயில் வேண்டுவோர்க்கு மட்டும். அங்கும் பெயர், மின்னஞ்சல் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது. முகவரிப் புத்தகத்தைத் தொடவே கூடாது.

மூன்றாவதாக, கரும்பு விலையும் மழையளவும் பார்க்க எந்த வாயிலும் வேண்டாம். சந்தைக்கு வேடிக்கை பார்க்க வந்தவரிடம் பெயர் கேட்பார் உண்டா?

நான்காவதாக, வழி தவறியவரை மீண்டும் உள்ளே அழைத்துவர ஒரு மனிதர் இருக்கட்டும். அலுவலகத்தில் ஒரு மேசை. பங்குப் புத்தகத்தைப் பார்த்து, முகம் பார்த்து, "வாருங்கள் ஐயா" என்று சொல்ல ஒருவர்.

இன்று மாலை இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, எந்தெந்தச் செயலிகளோடு அது பிணைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். மறந்துபோன பெயர்கள் பல இருக்கும். வேண்டாதவற்றின் பிணைப்பை நீக்குங்கள். நீக்குமுன், வேண்டியவற்றுக்கு வேறு வழி உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கிறோம். அணையும் வேண்டும், ஏரியும் வேண்டும், குழாயும் வேண்டும். நாம் கேட்பது ஒன்றே: வீடு நம்முடையது என்றால், சாவியும் நம் இடுப்பில் இருக்கட்டும்!