ஹெல்மெட் மட்டும் கொண்டு வந்தா போதுமா?

செட்டிபாளையம் பக்கம் போயிருக்கீங்களா? நம்ம காலேஜ்ல ஃபார்முலா பாரத் டீம்ல இருக்கறவங்களுக்கு அந்த ரோடு மனப்பாடமா இருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: கரி மோட்டார் ஸ்பீட்வே அங்கதான் இருக்கு. 2003-ல திறந்த டிராக். இந்தியாவுல கார் ரேஸுக்குன்னு நிரந்தரமா கட்டின டிராக்குகளை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ஒண்ணு நம்ம ஊர்ல இருக்கு, இன்னொண்ணு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. அப்படிப் பார்த்தா நாம கொடுத்து வெச்சவங்கதான்.

ஆனா எங்க வீட்டுப் பக்கத்துல, கணபதியில, ஒரு மெக்கானிக் அண்ணா இருக்காரு. ஒரு காலத்துல ரேஸ் வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்தவரு. இப்ப சர்வீஸ் வேலை மட்டும்தான். ஏனுங்கண்ணா விட்டுட்டீங்கன்னு கேட்டதுக்கு அவரு சொன்னது: "முன்னெல்லாம் வண்டிய ஏத்திட்டுப் போவோம் தம்பி. இப்ப ஹெல்மெட்ட மட்டும் எடுத்துட்டுப் போறாங்க. அங்க எனக்கென்ன வேலை?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு விளக்கம். ரேஸ்ல கிளாஸ்னா அட்டெண்டன்ஸ் போடற கிளாஸ் இல்லீங்க. இன்ஜின் எத்தனை சிசி, எந்த அளவுக்கு மாத்திக்கலாம், என்ன டயர் போடலாம்னு விதி போட்டுக் கார்களைப் பிரிக்கறதுக்குப் பேருதான் கிளாஸ். நம்ம தேசிய சாம்பியன்ஷிப்ல ஐடிசி, ஐஜேடிசி, சூப்பர் ஸ்டாக்னு கூரை உள்ள கார்களுக்கு மூணு கிளாஸ் பழக்கத்துல இருக்கு. ஐடிசி பெரிய இன்ஜின், அதிக வேலை செஞ்ச வண்டி. சூப்பர் ஸ்டாக் கிட்டத்தட்ட ரோட்டுல ஓடற வண்டி மாதிரி. தனித்தனியா ஓட வேண்டிய இதுகளைப் போதுமான கார் வராததால பல சமயம் ஒரே கிரிட்ல நிறுத்தி ஓட விடறாங்க. கொடி ஒண்ணு, ரேஸ் ஒண்ணு, கோப்பை மட்டும் தனித்தனி. ஸ்ட்ரெங்த் குறைஞ்சா ஏ செக்ஷனையும் பி செக்ஷனையும் சேர்த்து ஒரே ரூம்ல உட்கார வெக்கறாங்கல்ல, அதே கதைதான்.

நடத்தறவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. ஆறு கார் ஓடினாலும் இருபது கார் ஓடினாலும் ஆம்புலன்ஸ், டாக்டர், மார்ஷல், தீயணைப்பு, டைம் எடுக்கறவங்க எல்லாரும் வேணும். செலவு அதேதான். சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல எத்தனை ரேஸ் நடத்த முடியும்னு ஒரு கணக்கும் இருக்கு. ஆள் வராத கிளாஸைப் பக்கத்து கிளாஸோட சேர்க்கறது ஒரு நிர்வாக முடிவு. அமெரிக்காவுல 1944-ல ஆரம்பிச்ச எஸ்சிசிஏ கிளப்கூட இதைச் செய்யுது.

ஆனா இதோட வலி கீழ் கிளாஸ்காரனுக்குத்தான். பின்னாடி பெரிய இன்ஜின் வண்டி வந்துட்டே இருக்கும். கண்ணாடியப் பார்க்கணும், நீலக் கொடி காட்டினா வழி விடணும். அவனோட சொந்தப் போட்டி நடுவுல அறுந்து போகும். பார்க்க வந்த சனமும் முன்னாடி போற வண்டியத்தான் பார்க்கும். ரெண்டு சீசன் இப்படிப் போனா மூணாவது சீசனுக்கு அவன் வர மாட்டான். அப்புறம் அந்த கிளாஸே இருக்காது.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். கிளாஸைக் குறைச்சு எல்லாரையும் ஒரே மாதிரி வண்டியில உட்கார வெச்சதுதான் நம்ம ஊரோட பெருமையே. கோயம்புத்தூர்க்காரர் எஸ்.கரிவரதன் 1980-களோட கடைசியில மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் செஞ்சாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. எல்லாருக்கும் ஒரே இன்ஜின், ஊருக்கு ஊர் ஸ்பேர் கிடைக்கும், கெட்டுப் போனா தெரு மெக்கானிக்கே பார்த்துடுவாரு. நம்ம நரேன் கார்த்திகேயன் அதுலதான் தொடங்கினாரு. சென்னை கருண் சந்தோக்கும் அதே வழி. ரெண்டு பேரும் ஃபார்முலா 1 வரைக்கும் போனாங்க, 2005-ல ஒருத்தர், 2010-ல ஒருத்தர். 1995-ல விமான விபத்துல கரிவரதன் இறந்துட்டாரு. டிராக்குக்கு அவரு பேருதான் வெச்சிருக்கு.

அதனால கிளாஸ் எத்தனைங்கறது எனக்குப் பெரிய விஷயமா தெரியல. எல்லாத்துக்கும் கீழ இருக்கற கிளாஸ்ல யாரு நுழைய முடியுது, அதுதான் விஷயம். ஃபார்முலா மாருதியில ஓட்டறவனும் நுழையலாம், ஸ்பேனர் பிடிக்கறவனும் நுழையலாம்.

இப்ப என்ன நடக்குது? 2010-ல ஃபோக்ஸ்வாகன் போலோ கப் வந்துச்சு. அப்புறம் அதே கம்பெனியோட வென்டோ, ஆமியோ. நடுவுல டொயோட்டா எடியோஸ் பந்தயம் ஒண்ணு. நல்ல ரேஸ்தான், மறுக்கல. ஆனா வண்டி கம்பெனியோடது, மெக்கானிக் கம்பெனியோட ஆளு, செட்டிங்கும் அவங்க சொல்றதுதான். நீங்க பணத்தைக் கட்டி ஹெல்மெட்டோட வந்து உட்கார்ந்து ஓட்டிட்டுப் போகலாம். கம்பெனி அந்த மாடலை விளம்பரம் பண்ற வரைக்கும் ரேஸ் இருக்கும். அப்புறம் இருக்காது. கணபதி அண்ணாவுக்கு அங்க வேலையே கிடையாது.

அதுக்கும் மேல போனா, 2024-ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில ஓடுச்சே, அந்த ரேஸ். 2025 ஆகஸ்ட்ல அதே தொடர் நம்ம கரிக்கும் வந்துச்சு. இந்தியன் ரேசிங் லீக்ல ஓடறது இத்தாலியோட வுல்ஃப் கார். ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப்ல ஓடறது பிரான்ஸோட மைகேல் கார். பம்ப்பு, மோட்டார், வார்ப்படம், ஆட்டோ பார்ட்ஸ்னு உலகத்துக்கே அனுப்பற ஊர்ல, ரேஸ் கார் கன்டெய்னர்ல வந்து இறங்குது.

"ஓட்டறவனுக்குச் செலவு குறையுதே, அது நல்லதுதானே?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். சொந்த வண்டி கட்டிப் பராமரிக்கறதை விட சீட்டுக்குப் பணம் கட்டறது பல பேருக்கு சுலபம். புதுசா வர்றவங்களுக்காக ஜேகே டயர் நோவிஸ் கப் நடத்துது. எல்ஜிபி ஃபார்முலா 4 இன்னும் ஓடுது, அந்த எல்ஜிபி நம்ம ஊர் கம்பெனி. ஓட்டறவனுக்குப் படிக்கட்டு முழுசா உடையல. வண்டி கட்டறவனுக்குத்தான் படிக்கட்டே இல்ல.

அது ஏன் முக்கியம்னா, நாம இஞ்சினியரிங் படிக்கறோம், அதனாலதான். யோசிச்சுப் பாருங்க. ஃபார்முலா பாரத்துக்காக ஒரு வருஷம் தூங்காம வெல்டு அடிச்சு, சஸ்பென்ஷன் கணக்குப் போட்டு ஒரு காரைச் செய்யறோம். கரிக்குக் கொண்டு போறோம். ஆக்ஸிலரேஷன், ஸ்கிட்பேட், ஆட்டோகிராஸ், எண்டூரன்ஸ், டிசைன் ரிப்போர்ட், காஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் முடியுது. ஆனா அது பக்கத்துல பக்கத்துல நின்னு மோதற ரேஸ் இல்ல. திரும்பி வந்ததும் கார் ஷெட்டுல தார்ப்பாய்க்குக் கீழ போயிடும். அதைக் கட்டினவன் ஐடி கம்பெனிக்குப் போயிடுவான். அவன் கத்துக்கிட்டது எல்லாம் அதோட சரி. அடுத்து எங்க போறதுன்னு கேட்டா, கை காட்ட ஒரு கிளாஸ் இல்ல.

இங்கிலாந்துல 750 மோட்டார் கிளப்னு ஒண்ணு 1939-ல தொடங்கினாங்க. ஆஸ்டின் 7-ங்கற பழைய, மலிவான வண்டிதான் அதுக்கு அடிப்படை. வீட்டு கேரேஜ்ல சொந்தமா கட்டின காரை வெச்சு ரேஸ் ஓட்டலாம். அப்படிக் கட்டினவங்கள்ல ஒருத்தர் காலின் சாப்மன். அவரும் இஞ்சினியரிங் படிச்சவருதான். லோட்டஸ் கம்பெனி அந்தப் பழைய ஆஸ்டின்ல இருந்துதான் முளைச்சுது. கிளப் இன்னும் ரேஸ் நடத்திட்டு இருக்கு.

அப்ப என்ன செய்யலாம்? எனக்குத் தோணறது மூணு.

ஒண்ணு: மேல இருக்கற கிளாஸ்களை எப்படி வேணா சேர்த்துக்கட்டும். கீழ ஒரே ஒரு கிளாஸ், சொந்தமா வண்டி கட்டறவங்களுக்கு. இன்னும் தெருவுல ஓடற ஏதாவது ஒரு சின்ன இன்ஜின், எல்லாருக்கும் ஒரே டயர், செலவுக்கு உச்ச வரம்பு. ரோல் கேஜ், பெல்ட், தீயணைப்பு விஷயத்துல மட்டும் எந்தச் சலுகையும் கூடாது.

ரெண்டு: அந்த கிளாஸோட விதியை அஞ்சு வருஷத்துக்குத் தொடக்கூடாது. ஒரு வண்டி கட்டவே ஒரு வருஷம் ஆகும். கட்டி முடிக்கறதுக்குள்ள கிளாஸ் இருக்காதுன்னா எவன் கட்டுவான்? முதல் சீசன்ல எட்டு கார்தான் வந்துச்சுன்னு உடனே இன்னொரு கிளாஸோட சேர்த்துடாதீங்க. எட்டு பத்தாக கொஞ்சம் நேரம் கொடுங்க.

மூணாவது நமக்கு. ரேஸ் நடக்கணும்னா மார்ஷல் வேணும். கொடி காட்ட, வண்டி தள்ள, எண்ணெய் கொட்டினா துடைக்க ஆள் வேணும். லைசென்ஸ் வாங்க, டயர் வாங்க நம்ம கிட்ட காசு இல்லாம இருக்கலாம், ரெண்டு நாள் லீவு இருக்கு. டிராக் ஓரத்துல நின்னு கத்துக்கறது எந்த லேப்லயும் கிடைக்காது. ரேஸ் நடத்தறவங்க கிட்ட ஒரு கிளாஸ் வேணும்னு கேட்கணும்னா, அவங்களுக்கு நம்ம முகமாவது தெரிஞ்சிருக்கணும்ல.

அடுத்த தடவை கரியில ரேஸ் நடக்கறப்ப போங்க. கேலரியில உட்கார்ந்து ரீல்ஸ் எடுத்துட்டு மட்டும் திரும்பிடாதீங்க. விட்டாங்கன்னா பேடாக் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. போனட்டைத் தூக்கி வெச்சுட்டு, கையெல்லாம் கிரீஸோட, ஸ்டார்ட் ஆகுமா ஆகாதான்னு பயந்துட்டு நிக்கறவங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க. நான் கணபதி அண்ணாவையும் கூட்டிட்டு வர்றதா சொல்லியிருக்கேன். வர்றேன்னு இன்னும் சொல்லல.