கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!
'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை கற்பிக்கும் பாடம்

பத்திரிகை நடத்துவது ஒரு விசித்திரமான வியாபாரம். அரிசிக் கடைக்காரர் எந்தக் கட்சிக்காரர் என்று விசாரித்துவிட்டு யாரும் அரிசி வாங்குவதில்லை. பத்திரிகை விஷயம் அப்படியல்ல. அது விற்கும் சரக்கே செய்தியும் அபிப்பிராயமுந்தான். அபிப்பிராயம் மாறினால் கல்லாப் பெட்டி குலுங்குகிறது. கல்லாப் பெட்டி காலியானால் அபிப்பிராயம் ஆட்டம் காணுகிறது. அமெரிக்கத் தலைநகரின் பிரபல தினசரியான 'வாஷிங்டன் போஸ்ட்' இந்த இரண்டையும் அனுபவித்துப் பார்த்த பத்திரிகை.

ஏலத்தில் வந்த பத்திரிகை

1933-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி, திவாலாகிக் கிடந்த இந்தப் பத்திரிகை அதன் கட்டிட வாசலிலேயே ஏலம் விடப்பட்டது. 8,25,000 டாலருக்கு அதை எடுத்தவர் யூஜின் மேயர். அவர் பெரிய நிதி முதலாளி, குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் 1935-ல் தம் பத்திரிகைக்கு அவர் வகுத்த விதிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பத்திரிகையின் கடமை வாசகர்களுக்கும் பொதுமக்களுக்குமே உரியது, சொந்தக்காரரின் சுயநலத்துக்கு அல்ல என்பது ஒன்று. உண்மைக்காகவும் பொது நன்மைக்காகவும் தேவைப்பட்டால் பொருளை இழக்கவும் தயாராயிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

சொன்னபடியே அவர் இழந்தார். சுமார் 20 வருஷ காலம் பத்திரிகை நஷ்டத்தில் ஓடியது. 1954-ல் போட்டிப் பத்திரிகையான 'டைம்ஸ் ஹெரால்டு' விலைக்கு வாங்கப்பட்ட பிறகுதான், தலைநகரின் ஒரே காலைத் தினசரி என்ற நிலை ஏற்பட்டு லாபம் பிறந்தது.

சோதனை வந்த வேளை

மேயரின் மகள் காதரின் கிரஹாம் 1963-ல் பொறுப்பேற்றார். 1971 ஜூன் மாதத்தில் கம்பெனியின் பங்குகள் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அதே வாரத்தில், வியட்நாம் யுத்தம் பற்றிய ரகசிய ஆவணங்கள் பத்திரிகையின் கைக்குக் கிடைத்தன. அவற்றை வெளியிட்டு வந்த 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கோர்ட்டு தடை விதித்திருந்தது. வெளியிட்டால் பங்கு விற்பனை கெடலாம். வழக்கில் தண்டனை கிடைத்தால் கம்பெனியின் டெலிவிஷன் நிலைய லைசென்சுகளும் போகலாம். வழக்கறிஞர்கள் வேண்டாம் என்றார்கள். காதரின் வெளியிடச் சொன்னார். ஜூன் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பத்திரிகைகளின் பக்கம் தீர்ப்பளித்தது.

அடுத்து வந்தது வாட்டர்கேட் விவகாரம். ஜனாதிபதி நிக்ஸனுக்கு வேண்டியவர்கள் சிலர், பிளாரிடா மாகாணத்தில் கம்பெனிக்கு இருந்த இரண்டு டெலிவிஷன் நிலையங்களின் லைசென்சைப் புதுப்பிக்கக் கூடாதென்று மனுப் போட்டனர். பங்கு விலை பாதிக்கும் கீழே சரிந்தது. பத்திரிகை பின்வாங்கவில்லை. 1974 ஆகஸ்டில் நிக்ஸன் ராஜினாமாச் செய்தார். விலை சரிந்த பங்குகளை 1973-ல் 1 கோடியே 6 லட்சம் டாலருக்கு வாங்கிப் போட்டார் வாரன் பபெட். பிற்காலத்தில் அவருக்கு அது நூறு மடங்காயிற்று. சர்க்காரை எதிர்த்துச் சம்பாதித்த நற்பெயர் வியாபாரத்திலும் முதலாயிற்று.

புதிய முதலாளி

இன்டர்நெட் வந்ததும் வரி விளம்பரங்கள் ஓடிப்போயின. 1993-ல் 8 லட்சத்துக்கு மேல் விற்ற பத்திரிகை, 2013-ல் 5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த வருஷம் கிரஹாம் குடும்பம் பத்திரிகையை 25 கோடி டாலருக்கு அமேஸான் அதிபர் ஜெப் பெஸோஸிடம் விற்றது. இவ்வளவு பெரிய பணக்காரருக்கு யாரிடமும் பயமிராது, ஆகவே பத்திரிகை சுதந்திரமாக இருக்கும் என்று பலர் எண்ணினர்.

சில வருஷங்கள் அப்படித்தான் நடந்தது. 2017-ல் டிரம்ப் பதவிக்கு வந்த பின் சந்தாக்கள் மளமளவென்று ஏறின. அவரை விடாமல் கேள்வி கேட்ட பத்திரிகையைப் பணம் கொடுத்து வாங்க லட்சக்கணக்கானவர்கள் முன்வந்தனர். 2021-ல் அவர் பதவியை விட்டு இறங்கியதும் கூட்டம் கலையத் தொடங்கியது. 2023-ல் மட்டும் நஷ்டம் 7 கோடியே 70 லட்சம் டாலர். அரசியல் சாய்வே வருமானத்துக்கு வழியானால் என்ன ஆபத்து என்பதை இது காட்டியது. எதிரி ஓய்ந்தால் வியாபாரமும் ஓய்கிறது!

பதினொரு நாள் இருக்கையில்

1976 முதல் ஜனாதிபதித் தேர்தல்களில் இந்தப் பத்திரிகை ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே ஆதரித்து எழுதி வந்தது. 1988-ல் மட்டும் யாரையும் ஆதரிக்கவில்லை. 2024-ல் கமலா ஹாரிஸை ஆதரிக்கும் தலையங்கம் தயாராகியிருந்தது. தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கையில், இனி எவரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவிப்பு வந்தது. முடிவு செய்தவர் பெஸோஸ். இரண்டரை லட்சம் பேர் சந்தாவை ரத்து செய்ததாகச் செய்தி வந்தது. 2025 பிப்ரவரியில், அபிப்பிராயப் பக்கம் தனிமனித சுதந்திரத்தையும் தடையற்ற வாணிகத்தையும் ஆதரிக்கும் என்று அவர் அறிவித்ததும், அதன் ஆசிரியர் விலகினார்.

ஆதரவுத் தலையங்கங்களால் தேர்தல் முடிவு மாறுவதில்லை, பட்சபாதம் என்ற கெட்ட பெயர்தான் மிஞ்சுகிறது என்பது பெஸோஸின் வாதம். இதில் நியாயம் இல்லாமலில்லை. யாரையும் ஆதரிக்காத பத்திரிகைகள் பல கௌரவமாக நடக்கின்றன. ஆனால் காலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? இதையே ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால் கொள்கை. தேர்தல் வாசலில் நின்று சொன்னால் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. ராணுவ இலாகாவின் 1,000 கோடி டாலர் கம்ப்யூட்டர் காண்டிராக்டு 2019-ல் அமேஸானுக்குக் கிடைக்காமல் போனபோது, பெஸோஸ் மீது டிரம்புக்கு இருந்த பகையே காரணம் என்று அந்தக் கம்பெனியே கோர்ட்டுக்குப் போயிருந்தது. அவருடைய ராக்கெட் கம்பெனி 2023-ல் சர்க்காரிடமிருந்து 340 கோடி டாலர் காண்டிராக்டு பெற்றிருந்தது. பத்து வியாபாரம் உள்ளவருக்குச் சர்க்காரிடம் பத்து வாசற்படிகள். பெரும் பணம் பயத்தைப் போக்கும் என்று எண்ணியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. பத்திரிகையின் நஷ்டம் அவருக்குச் சில்லறை. மற்ற வியாபாரங்களின் நஷ்டம் அப்படியல்ல.

காதரினுக்கும் சர்க்கார் லைசென்ஸ் இருந்தது, அவரும் பயந்தார். ஆனால் பத்திரிகையைக் காக்க மற்றதைப் பணயம் வைத்தார். மற்றதைக் காக்கப் பத்திரிகையைப் பணயம் வைத்துவிட்டார்களோ என்ற சந்தேகந்தான் இன்று வாசகர்களை விரட்டியது. அந்தச் சந்தேகம் சரியோ தவறோ, இரண்டரை லட்சம் சந்தாக்களின் நஷ்டம் விழுந்தது பெஸோஸ் தலையில் அல்ல. செய்தி தேடி அலையும் நிருபர்களின் தலையில்.

சந்தாவை நிறுத்துவது வாசகரின் உரிமை. எழுதுவதை நிறுத்துவது முதலாளியின் உரிமை. இந்த இரு உரிமைகளுக்கும் நடுவில் நிற்பதற்காகத்தான் மேயர் 1935-ல் விதிகளை வகுத்தார். லாபம் வரும் காலத்தில் அவற்றைப் போற்றுவது எளிது. நஷ்ட காலத்திலும், அதைவிட முக்கியமாக மற்ற இடத்து லாபம் ஆபத்திலிருக்கும் காலத்திலும், அவற்றைக் காப்பாற்றுகிறவர்தாம் பத்திராதிபர்.