வேலி போடும் வித்தகர்கள்

சுவாமிமலையில் செப்புச் சிலை வார்க்கும் சிற்பி, சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்குகிறார். மடித்து மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, கால் இவ்வளவு என்று கணக்கெடுக்கிறார். அந்த மடிப்புக் கணக்கு எந்தப் பட்டறைக்கும் தனியுடைமை அல்ல. எதிர்ப் பட்டறைக்காரரும் அதே மடிப்பைத்தான் மடிக்கிறார். போட்டி கைத்திறனில், அளவுகோலில் அல்ல!

கணினிச் சீமான்கள் கதை வேறு, தோழர்களே! "பொதுத் தரம் வேண்டும், திறந்த வழி வேண்டும்" என்று மேடைதோறும் முழங்குவார்கள். எதுவரை? தமக்கு மேலே ஒருவன் இருக்கும்வரை! முதலிடம் கைக்கு வந்ததும் வேலி போடுவார்கள்.

வீண்பழி சுமத்துகிறோமா? 1990களின் இறுதியைப் பாருங்கள். இணையப் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப நெட்ஸ்கேப் ஒரு வழி கண்டது. மைக்ரோசாப்ட் வேறு வழி கண்டது. இவர் அனுப்பியது அவர் திரையில் செல்லாது. ஆங்கிலத்துக்கு அதனால் அழகு குறைந்தது, அவ்வளவே. தமிழுக்கோ உயிரே போயிற்று! ஏட்டுக்கு ஏடு எழுத்துக் குறியீடு வேறாயிருந்த காலம் அது. உரிய எழுத்துரு வந்து சேராவிட்டால், 'அம்மா' என்ற சொல்லும் அலங்கோலக் கோடுகளாய்த் தெரிந்தது. எல்லாத் திரைக்கும் பொதுவான 'வோஃப்' முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக அறிவித்தது 2012 டிசம்பரில்!

தமிழகம் தூங்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொது அளவு வகுத்தது. விசைப்பலகை நிலைத்தது. குறியீட்டிலோ, எழுத்துரு வணிகர் பலர் தம் பழைய முறையை விட மனமில்லாதிருந்தனர். வாடிக்கைக்காரனைக் கட்டிவைக்கும் கயிறல்லவா அது!

பின்னர் ஒருங்குறி புழக்கத்துக்கு வந்தது. தமிழுக்கு அதில் 128 இடம். வாக்களிக்கும் உறுப்பினர் வரிசையில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட். அங்கேயும் அவர்கள்தானா என்பீர்கள். ஆம், அவர்கள்தான். ஆயினும் அதைக் கையாள எவருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை, ஆகவே ஏற்கிறோம். 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியையே தரமாக்கிற்று. அது செல்லாத இடத்துக்கு 'டேஸ் 16' குறியீடு என்றது.

ஆணை பிறந்தது, பழக்கம் சாகவில்லை. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னமும் உலவுகின்றன. கைப்பேசியில் எடுத்தால் குழப்பம். பெயரைத் தேடினால் அகப்படாது. பார்வையற்ற தோழருக்குக் கருவி படித்துக் காட்டாது. எந்த அலுவலகமாவது அப்படியொரு பட்டியலை நீட்டினால், கிளைத் தோழர்கள் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. 2010ஆம் ஆண்டு ஆணையைச் சொல்லி, ஒருங்குறியில் கேளுங்கள்.